பனிமலை வீட்டுப் புகைபோக்கி: கலவை குழைக்கும் முன்

கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கியில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிர ஆரம்பித்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஏணி போட்டு ஏறி, உதிர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி, மேலே பெயின்ட் அடித்து இறங்கிவிடுவார்கள். இரண்டு குளிர்காலம் தாங்கும். மூன்றாவதில் அந்தப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். போகிற போக்கில் பின்னாலிருந்த நல்ல செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு போகும்.

புகைபோக்கி என்றதும் நெருப்பைத்தான் நினைக்கிறோம். உறைபனி விழும் மலையில் அதைப் பாழாக்குவது பெரும்பாலும் தண்ணீர். வீட்டுச் சுவருக்கு மழை ஒரு பக்கம்தான். கூரைக்கு மேலே தலை நீட்டும் புகைபோக்கிக்கு நாலு பக்கமும் மழை, உச்சந்தலையிலும் மழை. செங்கல்லும் சாந்தும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையும்போது தண்ணீர் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். நுண்துளைகள் நிறைய நனைந்திருந்தால் அந்தப் பெருக்கம் ஒதுங்க இடமில்லாமல் செங்கல்லின் தோலை உள்ளிருந்து தள்ளும். தோல் சில்லாகத் தெறிக்கும்.

குளிர்காலம் முழுக்க உறைந்தே கிடக்கும் இடத்தைவிட, பகல் வெயிலில் பனி உருகி இரவில் மறுபடி உறையும் இடத்தில்தான் சேதம் அதிகம். ஒவ்வொரு முறை உருகும்போதும் புதுத் தண்ணீர் உள்ளே போகிறது, ஒவ்வொரு இரவும் விரிசல் இன்னும் கொஞ்சம் அகல்கிறது. நன்றாக வெயில் படும் முகமே முதலில் உதிர்வதைச் சில வீடுகளில் பார்க்கலாம். நிழல் முகம் பாசி பிடித்துப் பார்க்கச் சகிக்காமல் இருக்கும், தட்டினால் கல் மட்டும் கணீரென்று இருக்கும்.

ஆகவே பழுது பார்க்கும் வரிசை மேலிருந்து கீழே: குடை (புகைவாய்க்கு மேலுள்ள மூடி), தலைவார்ப்பு (உச்சியில் செங்கல்லை மூடும் பலகை), செங்கல் சந்துகள், கூரையோடு சேரும் தகடுகள், பிறகு உட்குழாய் (உள்ளே புகை போகும் குழாய்). கீழே உள்ளதை முதலில் சரிசெய்து மேலே ஓட்டையை விட்டால் அடுத்த வருடம் அதே வேலைதான். அந்த வரிசையில் இறங்கும் முன், ஒழுகுவது எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

ஒழுகும் நேரத்தைக் கவனியுங்கள்

ஈரம் தெரியும் இடத்தை வைத்துக் காரணத்தைச் சொல்வது கடினம். ஈரம் தெரியும் நேரத்தை வைத்துச் சொல்வது எளிது. ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வானிலை, கணப்பு எரிந்ததா இல்லையா, எந்த இடம் நனைந்தது என்று நாலே விஷயம் குறித்து வையுங்கள்.

பலத்த மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் கணப்பின் அடித்தளத்தில் நேராகச் சொட்டுகிறது, கூரைத்தட்டில் கறை இல்லை என்றால், உச்சியில் குடை இல்லை அல்லது தலைவார்ப்பு வெடித்திருக்கிறது. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில் மட்டும், அதுவும் புகைபோக்கியை ஒட்டிய கூரைத்தட்டில் கறை படர்ந்தால், தகடுகளைச் சந்தேகப்படுங்கள். பனி விழுந்த அன்று ஒன்றுமில்லை, இரண்டு நாள் கழித்து வெயில் வந்ததும் ஒழுகுகிறது என்றால் புகைபோக்கியின் முதுகுப் பக்கம் பனி தேங்கி, உருகிய நீர் கீழே ஓட வழியில்லாமல் தகட்டுக்கு மேலே ஏறுகிறது.

நாலாவது வகைதான் பலரைக் குழப்புவது. மழையும் இல்லை, பனியும் இல்லை, நட்சத்திரம் தெரியும் கடுங்குளிர் இரவு. ஆனாலும் புகைபோக்கிச் சுவரில் தேயிலைச் சாயம் போலப் பழுப்புக் கறை, கருகிய புளித்த நாற்றம். இது உள்ளேயே உண்டாகும் தண்ணீர். 1 கிலோ விறகு எரிந்தால், அது எவ்வளவு காய்ந்த விறகாக இருந்தாலும், அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நீராவியாகக் கிளம்பும். விறகிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து அப்படி ஆகிறது. வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய குளிர்ந்த புகைபோக்கியில் அந்த நீராவி பாதி வழியிலேயே வியர்த்து, கரியையும் தாரையும் கரைத்துக்கொண்டு செங்கல்லுக்குள் ஊறும். இதற்கு மேலே எத்தனை சிமென்ட் பூசினாலும் பயனில்லை. இதன் மருந்து உட்குழாயில் இருக்கிறது.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? மழையில்லாத ஒரு நாளில் தோட்டக் குழாயால் சோதியுங்கள். ஒருவர் பரண்மேல் டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும்: முதலில் புகைபோக்கிக்குக் கீழே கூரை, பிறகு தகடுகள், பிறகு செங்கல் முகம், கடைசியில் தலைவார்ப்பு. ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது. பீய்ச்சி அடிக்காமல் மழை போல விழவிடுங்கள். அழுத்திப் பீய்ச்சினால் நல்ல தகடும் ஒழுகும்.

கூரை ஏறாமலே பார்க்கக்கூடியதும் நிறைய உண்டு. பைனாகுலரில் குடையின் துரு, சாய்வு, வெள்ளையாகப் பூத்த உப்பு, காலியான சந்துகள் தெரியும். செங்கல்லில் உப்புப் பூத்தால் அந்த வழியாகத் தண்ணீர் போய் வருகிறது என்று பொருள்; துலக்கிவிட்டுச் சும்மா இருந்தால் திரும்பப் பூக்கும். புகைபோக்கி ஒரு பக்கம் வளைந்திருந்தால் தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். புகையிலுள்ள கந்தகம் ஈரமான சாந்தோடு சேர்ந்து அதை வீங்க வைக்கும். மழைக்காற்று அடிக்கும் பக்கம் அதிகம் வீங்குவதால் புகைபோக்கி எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்ததைச் சந்து அடைத்து நிமிர்த்த முடியாது. கையால் தள்ளினால் கல் ஆடுகிறது, சாந்து விரலில் மணலாக வருகிறது என்றாலும் அதே கதைதான். கூரை மட்டம் வரை பிரித்துத் திரும்பக் கட்டுவதுதான் வழி, அது வீட்டுக்காரர் தாமே செய்யும் வேலையும் அல்ல.

தலைவார்ப்பு

உச்சியில் செங்கல்லை மூடி, நடுவில் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையை ஆங்கிலத்தில் கிரவுன் என்பார்கள். தலைவார்ப்பு என்று சொல்லலாம். பெரும்பாலான வீடுகளில் அது வார்ப்பே அல்ல. கல் கட்டி முடித்ததும் மிச்சமிருந்த சாந்தை மேலே கொட்டிக் கரணையால் வழித்துவிட்டது. சாந்து மெல்லியது, ஜல்லி இல்லாதது; இரண்டாம் வருடமே மயிரிழை விரிசல் விடும்.

சரியான தலைவார்ப்பு கான்கிரீட். ஓரத்தில் 50 மி.மீ.க்குக் குறையாத கனம், குழாயை ஒட்டி 75 முதல் 100 மி.மீ., அங்கிருந்து வெளிப்புறமாக வாட்டம். செங்கல் முகத்தைத் தாண்டி 50 மி.மீ. வெளியே நீட்ட வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, விரல் அகலத்துக்கு ஒரு சொட்டுப் பள்ளம். இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டால் தண்ணீர் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டே வந்து செங்கல்லில் இறங்கும். நீட்டியதன் பலனே போய்விடும். வார்க்கும்போது அச்சில் ஒரு கயிற்றையோ அரைவட்டச் சட்டத்தையோ ஒட்டி வைத்தால் பள்ளம் தானாக அமையும்.

வார்ப்பு குழாயைத் தொடக் கூடாது. சூடான குழாய் மேல்நோக்கி நீளும், வார்ப்பு அசையாது. இரண்டையும் ஒட்டி வார்த்தால் ஏதாவது ஒன்று உடையும், பெரும்பாலும் இரண்டும். குழாயைச் சுற்றி 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு, செராமிக் நார்க் கயிற்றைத் திணித்து, மேலே வெப்பம் தாங்கும் சிலிக்கானால் அடைக்க வேண்டும். செங்கல்லுக்கும் வார்ப்புக்கும் நடுவிலும் ஒரு தகடோ தடித்த தார்த்தாளோ இருக்கட்டும். குழாய் வார்ப்புக்கு மேல் 50 முதல் 100 மி.மீ. நீட்டினால் போதும்.

அளவுக்கு ஓர் உதாரணம். 1 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், சராசரி 75 மி.மீ. கனம் என்றால் சுமார் 52 லிட்டர் கான்கிரீட். சிமென்ட், மணல், 10 மி.மீ. ஜல்லி 1:2:3 விகிதத்தில் முறையே 14, 28, 42 லிட்டர். சிமென்ட் 20 கிலோ ஆகும், அதற்குத் தண்ணீர் 9 லிட்டர்; மணல் ஈரமாக இருந்தால் அதையும் குறையுங்கள். தளர்வாக இருந்தால் வழிப்பதற்குச் சுகம், ஆனால் மிகையான தண்ணீர் விட்டுச்செல்லும் துளைகள்தான் உறைபனிக்கு வாசல். காற்றுக் குமிழி உண்டாக்கும் சேர்மானத்தை டப்பாவில் சொன்ன அளவுக்குச் சேர்த்தால் உறைபனியை நன்றாகத் தாங்கும்: உறையும் தண்ணீர் அந்த நுண்குமிழிகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். மொத்த எடை ஏறத்தாழ 125 கிலோ. அத்தனையும் வாளி வாளியாகக் கூரைக்கு மேல் போக வேண்டும் என்பதால், சாரம் கட்டுவதைப் பற்றி இங்கேயே யோசித்துவிடுவது நல்லது. ஈரச் சாக்கு போட்டு 7 நாள் நனைத்து வையுங்கள், அந்த நாட்களில் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது.

வார்ப்பு உறுதியாக இருந்து மயிரிழை விரிசல் மட்டும் என்றால் உடைக்க வேண்டாம். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ரப்பர் போல இழுபடும் கிரவுன் சீலன்ட்டை இரண்டு கை அடித்தால் பல வருடம் ஓடும். நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலோ, தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ சீலன்ட் வீண்செலவு.

குடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். பக்கவலையின் கண் மிகவும் சிறியதாக இருந்தால் கரி படிந்து, அதன்மேல் பனிக்கட்டி படிந்து, புகை வீட்டுக்குள் திரும்பும். பறவையும் தீப்பொறியும் போகாத அளவுக்கு அரை அங்குலக் கண் போதும், வருடம் ஒருமுறை அதையும் துலக்க வேண்டும்.

சந்துகளுக்கு எந்தக் கலவை

இந்தப் பழுதில் மிக அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இது, அந்தத் தப்பும் நல்லெண்ணத்தில் செய்யப்படுவது. கலவை எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது என்று நினைத்து 1:3 சிமென்ட் கலவையைத் திணிப்பார்கள். செங்கல் சுவரில் சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். சுவர் விரிந்து சுருங்கும் அசைவையும், உள்ளே ஏறிய ஈரம் வெளியேறும் வேலையையும் சந்துகள்தான் தாங்குகின்றன. சந்து கல்லைவிடக் கடினமானால் ஈரம் செங்கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்; அங்கேயே உறையும், முகம் தெறிக்கும். சந்துகள் அப்படியே கம்பீரமாக நிற்க, செங்கற்கள் மட்டும் குழி விழுந்து தேன்கூடு போலத் தெரியும் சுவர்களை உருவாக்கியது இந்தக் கலவைதான்.

இயந்திரத்தில் செய்த கெட்டியான செங்கல் என்றால் 1 பங்கு சிமென்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல். பழைய மென்மையான கைச்செங்கல்லுக்கு 1:2:9. மிகவும் பழைய வீடு, பேனாக்கத்தியால் சுரண்டினால் சாந்து வெள்ளைப் பொடியாக வருகிறது என்றால் அது சுண்ணாம்புச் சாந்து; ஈரத்திலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் இரண்டரை முதல் 3 பங்கு போட்டு அதே வகையில் திரும்ப அடையுங்கள். சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். உறைபனி தொடங்கச் சில வாரங்களாவது மிச்சம் இருக்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும்.

பழைய சாந்தைச் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். 10 மி.மீ. சந்துக்கு 20 முதல் 25 மி.மீ. ஆழம். மேலோட்டமாக 5 மி.மீ. சுரண்டி மேலே பூசியது ஒரு குளிர்காலத்தில் ஓடாகக் கழன்றுவிடும். கிரைண்டர் வைத்து அறுத்தால் வேகம்தான். ஆனால் செங்குத்துச் சந்துகளில் தட்டு வழுக்கி மேல்கல்லையும் கீழ்கல்லையும் வெட்டிவிடும், அந்த வெட்டு ஆயுசுக்கும் தெரியும். நடுவில் ஒரு கோடு கிரைண்டரால் இழுத்து மிச்சத்தை மெல்லிய உளியால் எடுப்பது நல்ல சமரசம். சாந்துத் தூளில் நுண் சிலிக்கா உண்டு. கைக்குட்டை கட்டினால் போதாது, அதற்கான வடிகட்டி முகக்கவசம் வேண்டும்.

தூசியைத் தூரிகையால் தட்டி, தண்ணீர் தெளித்து, மேல்பளபளப்பு அடங்கியதும் கலவையை அடையுங்கள். காய்ந்த செங்கல்லில் வைத்தால் அது கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சாந்து இறுகாமல் வெறும் மணலாக நிற்கும். சிமென்ட் சேர்ந்த கலவையைப் பாதித் தண்ணீரில் பிசறி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மீதித் தண்ணீர் சேர்த்தால் சுருக்கம் குறையும். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. ஒரே அடியாகத் திணிக்காமல் 6 மி.மீ. கனமாக அடுக்கடுக்காக அழுத்துங்கள். கட்டைவிரல் ரேகை மட்டும் பதியும் அளவுக்கு இறுகியதும் வளைகம்பியால் உட்குழிவாக இழுத்து முடிக்க வேண்டும். உள்ளே படிக்கட்டு போலத் தள்ளி நிற்கும் சந்து அழகாகத்தான் இருக்கும், அதில் தண்ணீர் உட்காரும். முடித்ததும் மூன்று நாள் ஈரச் சாக்கு.

குளிருக்கு அஞ்சி உறையாத மருந்து என்று கால்சியம் குளோரைடு கலப்பவர்கள் உண்டு. அது சுவரில் உப்புப் பூக்க வைக்கும், உள்ளே இரும்பு இருந்தால் அரிக்கும். இரவு உறைபனி எதிர்பார்க்கப்பட்டால் அன்று கலவை குழைக்காதீர்கள்.

உதிர்ந்த செங்கற்கள் நாலைந்து மட்டும் என்றால் அவற்றைச் சந்தோடு வெட்டி எடுத்துப் புதிதாக வையுங்கள். புதுக்கல் உறைபனி தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குவது முக்கியம். உட்சுவருக்கான கல் முதல் குளிரிலேயே கரையும். எல்லாம் முடிந்து குறைந்தது 28 நாள் கழித்து நீர்விலக்கி அடிக்கலாம். சைலேன், சிலாக்ஸேன் வகையாக இருக்கட்டும். அவை துளைகளை அடைக்காமல் உட்சுவர்களில் படிந்து தண்ணீரை மட்டும் விலக்கும், உள்ளிருக்கும் நீராவி வெளியேறும். பளபளப்பான வார்னிஷ் வகையும் பெயின்ட்டும் ஈரத்தைச் சிறைவைக்கும். விரிசலையும் காலிச் சந்தையும் மூட நீர்விலக்கி உதவாது, அது கடைசிப் பூச்சு மட்டும்தான்.

கூரையோடு சேரும் இடம்

தகடுகள் இரண்டு அடுக்கு. கூரை ஓடுகளோடு ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிப்படியாக நெய்து ஏறுவது கீழ்த்தகடு. செங்கல் சந்துக்குள் 25 மி.மீ. செருகி, மடங்கி, கீழ்த்தகட்டின் மேல் குறைந்தது இரண்டு அங்குலம் தொங்குவது மேல்தகடு. இரண்டையும் ஒன்றாக ஆணி அடித்தோ பற்றவைத்தோ இணைக்கக் கூடாது. கூரை மரம், புகைபோக்கி கல். இரண்டும் தனித்தனியாக அசையும், தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். மேல்தகட்டைச் சந்துக்குள் செருகாமல் செங்கல் முகத்தில் ஒட்டி, விளிம்பில் தாரோ சிலிக்கானோ பூசிய வேலையை நிறையப் பார்க்கலாம். பசை குளிரில் வெடித்ததும் அந்த விளிம்பு தண்ணீரைச் சேகரித்து உள்ளே விடும் புனலாக மாறும். ஈரச் சாந்தில் வெறும் அலுமினியம் அரித்துப்போகும். செம்பு, ஈயம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவை நிற்கும்.

சரிவின் மேற்பக்கம் அகலமான புகைபோக்கி ஓர் அணை போலப் பனியைப் பிடித்து வைக்கும். 30 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் அங்கே கூடாரம் போல இருபக்கமும் சரியும் சிறு மேடு ஒன்றைக் கட்டித் தகடு போர்த்த வேண்டும். வழுக்கும் தகரக் கூரையில், கீழ்விளிம்புக்கு அருகில் நிற்கும் இரும்புப் புகைக்குழாய்க்கு இதைவிடப் பெரிய ஆபத்து: மொத்தப் பனியும் ஒரே நேரத்தில் சரிந்து குழாயை வெட்டிக்கொண்டு போகும். அதற்கு மேலே சரிவில் ஆப்பு வடிவத் தடுப்பு வைத்துப் பனியை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

உட்குழாயும் இழுவையும்

செங்கல் புகைபோக்கிக்குள் சுட்டமண் குழாய்த் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். துண்டு வெடித்திருந்தாலோ இணைப்புச் சாந்து விழுந்திருந்தாலோ சூடும் கார்பன் மோனாக்சைடும் சுவருக்குள் கசியும். பக்கத்தில் மரச்சட்டம் இருந்தால் அதுவே தீக்குக் காரணம். புகைபோக்கிக்கும் மரத்துக்கும் நடுவே வீட்டுக்குள் 2 அங்குலம், வெளிச்சுவரில் 1 அங்குலம் காலி இடம் விடுவது பரவலான விதி. அந்த இடைவெளியில் பஞ்சு திணிப்பதும் தப்பு. உட்குழாயைப் பார்க்கக் கம்பியில் இறக்கும் கேமரா வேண்டும். கீழிருந்து டார்ச் அடித்தால் முதல் இரண்டு துண்டுதான் தெரியும்.

வெடித்த குழாய்க்கு நடைமுறையான மாற்று, துருப்பிடிக்காத எஃகு லைனர், அதாவது பழைய குழாய்க்குள் இறக்கும் எஃகுக் குழாய். விறகுக்கு 316 எல் தரம். சுற்றிலும் செராமிக் கம்பளம் போர்த்தியோ, வெர்மிகுலைட் என்ற வெப்பம் கடத்தாத கனிமத் துகள் கலவையை ஊற்றியோ வெப்பக்காப்பு செய்ய வேண்டும். பணம் மிச்சம் என்று காப்பை விடுவது குளிர்நாட்டில் மிகவும் வருத்தப்பட வைக்கும் முடிவு. குழாயின் உட்சுவர் ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே போனால் புகையிலுள்ள தார் அதில் படிய ஆரம்பிக்கும். அதுதான் கிரியோசோட், புகைபோக்கித் தீயின் எரிபொருள்.

அளவும் சூட்டைச் சார்ந்தது. திறந்த கணப்புக்கு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு குழாய் என்பது பழைய கணக்கு: 90 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரமுள்ள வாய்க்கு 630 சதுர செ.மீ.; 25 செ.மீ. சதுரக் குழாய் ஏறத்தாழப் பொருந்தும். அதே புகைபோக்கியில் பிறகு இரும்பு அடுப்பை வைத்தால்தான் சிக்கல். 150 மி.மீ. வாயுள்ள அடுப்புக்கு வேண்டியது சுமார் 177 சதுர செ.மீ. குழாய்ப் பரப்பு அதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. கூரைக்குக் கீழே ஒரு பக்கமாவது வெளிக்காற்று படும் புகைபோக்கியில் இரண்டு மடங்கையே தாண்டக் கூடாது. நம்முடைய 25 செ.மீ. சதுரம் மூன்றரை மடங்கு. புகை அதற்குள் பரந்து, வேகம் குறைந்து, ஆறி, சுவரெல்லாம் தார் பூசும். அடுப்பு சரியில்லை என்று அதைத் திருப்பிக் கொடுக்கும் பலருக்கு வேண்டியிருந்தது ஒரு லைனர்தான்.

உயரமான மலையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இழுவை என்பது உள்ளிருக்கும் சூடான காற்றுக்கும் வெளியே உள்ள குளிர்ந்த காற்றுக்கும் எடையில் உள்ள வித்தியாசம். 5 மீட்டர் உயரப் புகைபோக்கி, வெளியே 0 டிகிரி, உள்ளே சராசரி 200 டிகிரி என்றால் கடல் மட்டத்தில் சுமார் 27 பாஸ்கல் இழுவை. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் நாலு பங்காகிவிடுவதால் அது 21 பாஸ்கலாகும். அதே இடத்தில் காப்பில்லாத குழாயில் புகை சராசரி 80 டிகிரிக்கு ஆறிவிட்டால் மிஞ்சுவது 11 பாஸ்கல். இரும்பு அடுப்புகள் ஏறத்தாழ 12 பாஸ்கலை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. கதவைத் திறந்ததும் முகத்தில் புகை அடிப்பதன் காரணம் இந்த ஒரு பாஸ்கல் இரண்டு பாஸ்கலில் இருக்கிறது. சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடினால் அதுவும் போய்விடும்.

புகைபோக்கி கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரமும் இருக்க வேண்டும். காற்று கூரை முகட்டில் மோதிக் கீழ்நோக்கிச் சுழலும் வீடுகளில் இது போதாமலும் போகலாம்.

கணப்பின் உட்புறச் சந்துகளுக்குச் சாதாரணச் சிமென்ட் ஆகாது, சூட்டில் பொடியாகும். தீச்செங்கல்லும் வெப்பம் தாங்கும் சாந்தும் வேண்டும், சந்து 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

கரி 3 மி.மீ. படிந்தால் துலக்குங்கள். சுட்டமண் குழாய்க்குக் கம்பித் தூரிகை, எஃகு லைனருக்கு நைலான் தூரிகை. கோல்களை எப்போதும் வலப்பக்கமே சுழற்றுங்கள், இடப்பக்கம் சுழற்றினால் மரை கழன்று தூரிகை நடுவழியில் தங்கிவிடும். கண்ணாடி போல மினுங்கும் கெட்டித் தார் தூரிகைக்கு மசியாது. அதை உளியால் கொத்தினால் குழாய் உடையும், தெரிந்தவர்களை அழைப்பதே மேல். பழைய கல்நார் சிமென்ட் குழாய் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம். உள்ளே ஒருமுறை தீப்பிடித்திருந்தால் சாம்பல் தேன்கூடு போல உப்பியிருக்கும், குடை வளைந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கும்வரை மறுபடி பற்றவைக்கக் கூடாது. தீப்பிடிக்கும்போதே தண்ணீர் ஊற்றுவதும் தப்பு, சூடான மண்குழாய் சிதறிவிடும். காற்றுவழியை மூடி, எல்லாரும் வெளியேறித் தீயணைப்பை அழையுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 211 தரநிலை வருடம் ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்கிறது, அடுப்பு எரியாத வருடத்துக்கும் அது பொருந்தும்.

நடுக்குளிரில் கண்டுபிடித்தால்

வேலைக்கு நல்ல காலம் வசந்தத்தின் கடைசியும் கோடையும்தான். இலையுதிர் காலத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வரும், ஆள் கிடைக்காது, கலவை காய நாளும் இருக்காது. தை மாதத்தில் ஒழுக ஆரம்பித்தால் அப்போதைக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கூரையில் பனி இருக்கும்போது ஏறவே வேண்டாம். பனி இல்லாத நாளில், ஏணியின் அடியைச் சுவரிலிருந்து உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி வைத்து, இடுப்புப் பட்டையோடு ஏறுங்கள். உடைந்த தலைவார்ப்பின் மேல் குழாய்க்கு இடம்விட்டு வெட்டிய தகரத்தை ஓரம் மடித்துப் போர்த்தி, கம்பியால் செங்கல்லைச் சுற்றிக் கட்டலாம். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் புகைவாய்க்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்; எரியும் அடுப்பின் குழாயை ஒருநாள் இரவுக்குக்கூட மூடக் கூடாது. தகடு கிழிந்த இடத்தில் பியூட்டைல் ரப்பர் ஒட்டுப்பட்டை ஒட்டினால் வசந்தம்வரை தாங்கும், ஆனால் ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் சூடு காட்டி ஒட்ட வேண்டும். படுக்கையறைப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்று இருக்கட்டும். பனி உருகி முடிந்ததும் அந்தத் தகரத்தையும் பட்டையையும் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையை ஆரம்பிக்க வேண்டும், அவற்றின் மேலேயே கலவை பூசக் கூடாது.